தொட்டுக்கொள்ள என்ன?: மொரோக்கோ விருந்தின் ஓரத்துக் கிண்ணங்கள்

ஆங்கிலச் சமையல் புத்தகங்களில் மொரோக்கோவின் செம்மறிக் கறிக்குப் பெரும்பாலும் ஒரே துணைதான் சொல்லப்படுகிறது: கூஸ்கூஸ். தட்டின் நடுவில் கறி, ஓரத்தில் ஒரு குவியல் கூஸ்கூஸ், மேலே இரண்டு புதினா இலை. பெட்டியிலிருந்து கொட்டி, வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்தால் போதும் என்ற குறிப்பும் கூடவே இருக்கும். ஃபெஸ் நகரத்து வீடுகளிலோ மராக்கேஷ் வீடுகளிலோ கறி இப்படிப் பரிமாறப்படுவதில்லை.

அங்கே தாஜினுக்கு ரொட்டிதான். தாஜின் என்பது கூம்பு மூடி போட்ட மண்சட்டியின் பெயர். அதில் மெதுவாக வேகும் கறிக்கும் அதே பெயர். வட்டமான, தடித்த, ‘கொப்ஸ்’ எனப்படும் ரொட்டியைப் பிய்த்து, வலக்கை விரல்களால் குழம்பில் அழுத்தித் துடைத்து எடுத்துச் சாப்பிடுகிறார்கள். முழு ஆட்டை மண் அடுப்பில் சுடும் மெஷ்விக்கு உப்பும் சீரகப்பொடியும் ரொட்டியும் போதும். கூஸ்கூஸ் எதற்கும் ஓரமாக வருவதல்ல. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த மதியத்தில் அதுவே முழுச் சாப்பாடு. கறியும் காயும்தான் அதன் மேலே வந்து உட்காரும்.

‘சைட் டிஷ்’ என்று ஆங்கிலம் சொல்வதை நாம் ‘தொட்டுக்கொள்ள’ என்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. ஆங்கிலக் கணக்கில் இறைச்சி மையம், மற்றவை ஓரம். தமிழ்க் கணக்கில் சோறுதான் சாப்பாடு. குழம்பும் கறியும் பொரியலும் அதற்குத் தொடுகறிகள். மொரோக்கோவின் உணவு நம் கணக்குக்கு நெருக்கமானது. அங்கே ரொட்டிதான் சாப்பாடு, செம்மறி ஆடு தொட்டுக்கொள்ள. ஆகவே கறிக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்ற கேள்வியைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. எது நடு, எது ஓரம் என்று யார் தீர்மானித்தார்கள்?

இறைச்சி வீட்டுக்குள் வரும் வழி ஆண்களின் வழி. ஆட்டுச் சந்தை, கசாப்புக் கடை, ஹஜ்ஜுப் பெருநாளன்று குடும்பத் தலைவர் கையால் அறுக்கப்படும் ஆடு, மெஷ்விக் குழியருகே நிற்கும் ஆட்கள் என எல்லாம் வெளியில், கண்ணுக்குத் தெரியும்படி நடப்பவை. நாட்டின் சார்பில் அரசரே ஒரு ஆட்டைப் பலி கொடுப்பதும் உண்டு. பஞ்ச காலத்தில் அதை நிறுத்தி வைத்ததும் அரசர்கள்தான்: வறட்சியால் மந்தைகள் குறைந்தபோது 1996-ல் இரண்டாம் ஹசனும், 2025-ல் ஆறாம் முகம்மதுவும் இந்த ஆண்டு பலி வேண்டாமென்று மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். இன்று மாவு பிசைய வேண்டாம் என்று எந்த அரசரும் கேட்டுக்கொண்டதில்லை. விருந்தின் வரலாறு இறைச்சியின் வரலாறாக எழுதப்படும்போது விட்டுப்போவது இந்த மாவு பிசைந்த கைகள்தான்.

எழுத்திலுள்ள சான்றுகளிலிருந்து தொடங்கலாம். 13-ஆம் நூற்றாண்டின் அரபுச் சமையல் நூல்களில் இரண்டு இங்கே நமக்கு முக்கியமானவை. ஒன்று, எழுதியவர் பெயர் தெரியாத அந்தலூசிய நூல். மற்றது இப்னு ரஸீன் அல்-துஜீபியுடையது. ஸ்பெயினின் முர்சியாவைச் சேர்ந்த அவர், கிறிஸ்தவ அரசர்களின் கை ஓங்கியபோது ஊரைவிட்டுக் கிளம்பி வட ஆப்பிரிக்காவுக்கு வந்து, ஏறக்குறைய 1260-ல் துனிசில் தன் நூலை எழுதினார். இழந்த ஊரின் உணவைத் தாளில் காப்பாற்றும் முயற்சி அது. கத்தரிக்காய்க்குப் பல சமையல் முறைகள், கூஸ்கூஸ் வகைகள், ஆலிவும் எலுமிச்சையும் ஊறவைக்கும் விதங்கள் என்று இன்றைய மொரோக்கோ மேசையின் ஓரத்துக் கிண்ணங்கள் பலவற்றின் முன்னோர் அதில் இருக்கின்றன. இந்த நூலை முழுமையாக ஆங்கிலத்தில் தந்தவர் ஈராக்கில் பிறந்த ஆய்வாளர் நவால் நஸ்ரல்லா. 2021-ல் அது வெளிவந்தது.

பெயரில்லாத நூலில் வரும் ஒரு இடத்தை நான் மறக்க முடியாமல் வைத்திருக்கிறேன். கூஸ்கூஸ் பற்றிச் சொல்ல வந்த ஆசிரியர், ஈரமாக்கிச் செய்யும் வழக்கமான கூஸ்கூஸ் உலகத்துக்கே தெரிந்ததுதானே என்று ஒரு வரியில் கடந்துவிட்டு, விசேஷமான வகைக்குப் போய்விடுகிறார். தினமும் நடப்பது, எல்லா வீட்டிலும் நடப்பது, பெண்கள் செய்வது: இவை மூன்றும் சேர்ந்தால் எழுதத் தேவையில்லாததாகிவிடுகிறது. ஆவணக் காப்பகத்தில் பெண்களைத் தேடிப் பழகிய நமக்கு இந்த வரி புதிதல்ல. அலட்சியத்தால் வந்த வரியுமல்ல அது. எல்லோருக்கும் தெரியும் என்று அவர் உண்மையாகவே நம்பியிருப்பார். அந்த ‘எல்லோருக்கும்’ என்பதற்குள் அவர் கை இருந்ததா என்பதுதான் என் சந்தேகம்.

அவர் எழுதாமல் விட்டது இது. அகன்ற தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி, உப்பு நீரைத் தெளித்து, மெல்லிய மாவைத் தூவி, உள்ளங்கையால் வட்டமாக உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சிறு மணிகள் உருவாகும். சல்லடையில் சலித்தால் பெரிய மணிகள் தங்கும், பொடி கீழே விழும். இரண்டும் மறுபடி தாம்பாளத்துக்கு. ஒரே அளவு வரும்வரை இதேதான். பிறகு, அடியில் கறியும் காயும் கொதிக்கும் பானையின் மேல் துளையிட்ட பாத்திரத்தை வைத்து, இரண்டும் சேருமிடத்தில் மாவு தோய்த்த துணியைச் சுற்றி ஆவி வெளியேறாமல் அடைத்து வேகவைக்கிறார்கள். ஆவி வந்ததும் தாம்பாளத்தில் கொட்டி, சூட்டோடு சூடாகக் கையால் கட்டி உடைத்து, நீரும் எண்ணெயும் சேர்த்து, மறுபடி ஏற்றுகிறார்கள். இரண்டு முறை, நல்ல வீட்டில் மூன்று முறை. இட்லித் தட்டின் ஆவியில் விரல் சுட்டவர்களுக்கு அந்தக் கட்டி உடைக்கும் வேலை எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. கிராமங்களில் மாதக்கணக்கில் வைத்திருக்கும் அளவு கூஸ்கூஸைப் பெண்கள் கூடி உட்கார்ந்து உருட்டி வெயிலில் காயவைப்பார்கள். ஒருத்தி வீட்டுக்கு இன்று, இன்னொருத்தி வீட்டுக்கு நாளை. பெட்டியில் எழுதியிருக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்குள் இத்தனையும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

கறிக்கு முன்னால் வரும் சிறு கிண்ணங்களையும் கொஞ்சம் பார்க்கலாம். ஸாலூக்: சுட்ட கத்தரிக்காயைத் தக்காளி, பூண்டு, சீரகம், ஆலிவ் எண்ணெயோடு மசித்தது. தக்தூக்கா: சுட்டுத் தோலுரித்த குடைமிளகாயும் தக்காளியும். சீரகம் போட்ட வேகவைத்த கேரட், பீட்ரூட், இலவங்கப்பட்டைப் பொடியும் ஆரஞ்சுப் பூ நீரும் தெளித்த ஆரஞ்சு வில்லைகள். பெரிய விருந்தில் ஆறேழு கிண்ணம் இருக்கும். இவை ஆறினபின் சாப்பிடப்படுபவை. விருந்தினர் எப்போது வருவார், எத்தனை பேரோடு வருவார் என்று சமையற்கட்டுக்கு யாரும் சொல்லாத வீடுகளில் முன்கூட்டியே செய்து வைக்கக்கூடிய பண்டங்கள் எவ்வளவு அவசியம் என்பது புரிகிறது. தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் இந்தக் கரைக்கு வந்தன. ஆகவே, ‘ஆயிரம் ஆண்டுப் பாரம்பரியம்’ என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்லும் ஸாலூக்கின் இன்றைய உருவம் அவ்வளவு பழையதல்ல. பழைய கத்தரிக்காயில் புதிய காயைச் சேர்த்துப் பார்த்து, சுவைத்து, சரியென்று முடிவெடுத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். பாரம்பரியம் என்று சொல்லிவிட்டால் அந்த முடிவெடுத்தல் மறைந்துபோகிறது.

பக்கூலா என்ற கீரைக் கூட்டு எனக்குக் கூடுதல் விருப்பமானது. மழைக்குப் பின் வயல் ஓரங்களில் தானாக முளைக்கும் கீரையைப் பெண்கள் பறித்து வந்து, கட்டுக் கட்டாகச் சந்தையில் விற்கிறார்கள். அதை ஆவியில் வேகவைத்துப் பூண்டு, ஆலிவ், உப்பில் ஊறிய எலுமிச்சைத் தோல் சேர்த்துக் கிளறுகிறார்கள். நிலமில்லாதவளின் வருமானம் பணக்கார வீட்டு விருந்தில் ஒரு சிறு கிண்ணமாக வந்து சேருகிறது.

உப்பில் ஊறிய எலுமிச்சை என்றதும் தஞ்சியாவைச் சொல்ல வேண்டும். மராக்கேஷின் பெருமை அது, ஆண்களின் சமையல் என்று அந்த ஊரே சொல்லும். கைவினைத் தொழிலாளர்கள் விடுமுறை நாளுக்காக உயரமான மண்சாடியில் கறியை அடைத்து, வாயைத் தாளால் கட்டி, பொதுக் குளியல் கூடத்தின் உலைக்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். சூடான சாம்பலில் மணிக்கணக்கில் கிடந்து வேகும். பிறகு நண்பர்களோடு தோட்டத்தில் உட்கார்ந்து ரொட்டியோடு சாப்பாடு. சமையலறையே தேவைப்படாத சமையல்! ஆனால் சாடிக்குள் கறியோடு போவது என்ன? பூண்டு, சீரகம், குங்குமப்பூ. அவற்றோடு, வாரக்கணக்கில் உப்பில் ஊறிய எலுமிச்சையும், மாதக்கணக்கில் பதப்பட்ட ‘ஸ்மன்’ என்ற நெய்யும். அவை வீட்டு ஜாடியிலிருந்து வந்தவை. எலுமிச்சையை நான்காகப் பிளந்து உப்பை அடைத்தவள், ஜாடியை வெயில் படாத இடத்தில் வைத்தவள், பூஞ்சை பிடிக்கிறதா என்று பார்த்தவள் தோட்டத்து விருந்தில் இல்லை. அவளுடைய காலம் மட்டும் சாடிக்குள் இருந்தது. உலைச் சாம்பலின் ஒரு இரவைப் பற்றிப் பேசும் ஊர், ஜாடியின் ஒரு மாதத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

‘பெண்கள்’ என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டே போவதும் ஒரு மறைப்புதான். ஃபெஸ், மராக்கேஷ், ரபாத் நகரங்களின் செல்வந்தர் வீட்டு அடுப்புகளின் முன் நின்றவர்களில் பலர் அந்த வீட்டு மனைவிகள் அல்லர். அவர்களுக்கு ‘தாதா’ என்று பெயர். சகாராவுக்குத் தெற்கிலிருந்து கடத்திக் கொண்டுவரப்பட்டு விற்கப்பட்ட கறுப்பினப் பெண்களும் அவர்களுடைய சந்ததியினரும். மொரோக்கோவின் அடிமை முறை பற்றி முகம்மது என்னாஜியும், பின்னர் ‘பிளாக் மொரோக்கோ’ (2013) நூலில் சூக்கி எல் ஹாமெலும் எழுதியபிறகு, அது மென்மையானது, குடும்பத்தோடு ஒன்றானது என்ற பழைய கதையை நம்ப இயலாது. 1912-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆட்சி சந்தையில் ஆளை விற்பதைத் தடுத்தது. வீட்டுக்குள் இருந்தவர்களைத் தொடவில்லை. வீட்டின் கதவுக்குள் நடப்பது குடும்ப விஷயம் என்ற வாதம் எங்கும் ஒன்றுதான்.

1917-ல் அந்த ஆட்சியின் தலைவர் ஜெனரல் லியோத்தேயின் விருந்தினராக மொரோக்கோவைச் சுற்றிய அமெரிக்க எழுத்தாளர் ஈடித் வார்ட்டன், ‘இன் மொரோக்கோ’ (1920) நூலில் ஓர் உயர் அதிகாரியின் வீட்டு விருந்தை விவரிக்கிறார். ஆறேழு வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி எஜமானின் அசைவையே பார்த்தபடி ஏவலுக்குக் காத்திருக்கிறாள். வார்ட்டன் அவளைப் பார்த்துவிடுகிறார். பார்த்ததை எழுதவும் செய்கிறார். ஆனால் அந்தச் சிறுமியை அங்கேயே விட்டுவைத்த ஆட்சியைப் புகழ்வதுதான் நூல் முழுவதும். லியோத்தேக்கும் அவர் மனைவிக்கும்தான் அது காணிக்கை. பெண்ணின் கண் ஒன்றைப் பார்த்தால் மட்டும் போதாது என்று மாணவிகளுக்குச் சொல்ல நான் இந்த நூலைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

அதே வீட்டின் உள்ளிருந்து எழுதியவர் ஃபாத்திமா மெர்னிஸி. 1940-ல் ஃபெஸ் நகரத்தில் பிறந்த அவர் தன் குழந்தைப் பருவத்தைப் புனைவு கலந்து எழுதிய ‘ட்ரீம்ஸ் ஆஃப் ட்ரெஸ்பாஸ்’ (1994) நூலில் எல்லோரும் குறித்த நேரத்தில் கூடித்தான் உண்ண வேண்டும் என்ற கூட்டுக் குடும்ப விதியும், அதன் மேல் தன் தாய்க்கு இருந்த கசப்பும் வருகின்றன. மீனா என்ற முதியவளும் வருகிறாள். சிறுமியாக இருந்தபோது சூடான் பகுதியிலிருந்து கடத்தப்பட்டவள். வழியில் இருண்ட கிணற்றுக்குள் இறக்கப்பட்டவள். அந்தக் கிணற்றிலிருந்து எப்படி மீண்டேன் என்பதைக் குழந்தைகளுக்குக் கதையாகச் சொல்கிறாள். மொட்டை மாடியில் ஆட்டுத்தோல் விரித்து மெக்கா நோக்கி உட்கார்ந்திருப்பவள் அவள். ஆட்டின் கறி போன இடம் நமக்குத் தெரியும். தோல் அவளுக்கு.

பெரிய விருந்தின் வரிசை ஓரளவு நிலையானது. முதலில் கிண்ணங்கள், பிறகு புறாக்கறியும் பாதாமும் அடைத்த பஸ்தீலா, மெஷ்வி, தாஜின்கள், எல்லாவற்றுக்கும் பிறகு ஒரு மலை போலக் கூஸ்கூஸ், பழம், புதினாத் தேநீர். தேநீரை விருந்தினர் முன் அமர்ந்து உயரத்திலிருந்து ஊற்றுவது வீட்டின் தலைவரின் கௌரவம். சீனத்துப் பச்சைத் தேயிலை பரவலானதே 19-ஆம் நூற்றாண்டில்தான். அவ்வளவு சீக்கிரத்தில் அது ஆண்களின் சடங்காகிவிட்டது. கூஸ்கூஸ் ஏன் கடைசியில் வருகிறது? யாரும் பசியோடு எழுந்துவிடக்கூடாது என்பதற்காக என்று விருந்தோம்பலின் பெயரால் சொல்வார்கள். அந்த நேரத்தில் விருந்தினர் அதிகம் சாப்பிடப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆண்கள் உண்டு எழுந்தபின் தட்டுகள் பெண்கள் பகுதிக்குப் போயின. அதற்குப் பிறகு வேலையாட்களுக்கு. இந்த வரிசையில் கடைசியாக நின்றவளிடம் கறி எந்த நிலையில் வந்திருக்கும் என்று யோசிக்கிறேன். ரொட்டியும் கூஸ்கூஸும் கிண்ணங்களின் மிச்சமும்தான் அவளுக்கு உணவாக இருந்திருக்கும். எதை எவ்வளவு செய்வது என்று சமையற்கட்டில் கணக்குப் போட்டவர்கள் தங்கள் பசியையும் சேர்த்தே போட்டிருப்பார்கள் என்பது என் வாசிப்பு.

கறியே இல்லாத ஆண்டுகளும் உண்டு. 1945-ஐ மொரோக்கோவில் ரேஷன் சீட்டின் ஆண்டு என்று நினைவுகூர்கிறார்கள். கடும் வறட்சி, போர்க்காலப் பங்கீடு, பிரான்சுக்குப் போன தானியம். அப்போது மக்கள் ‘இர்னி’ என்ற காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். அப்படியே தின்றால் நஞ்சு; வேகவைத்து, காயவைத்து, இடித்து மாவாக்கி ரொட்டி தட்ட வேண்டும். அந்த அறிவும் உருட்டும் கையின் அறிவுதான்.

இதற்குப் பிந்தைய கதையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 1946-ல் மராக்கேஷில் பிரெஞ்சுத் தாயும் மகளும் ‘லா மேசோன் அராப்’ என்ற உணவகத்தைத் தொடங்கியபோது, அவர்களுக்குச் சமையல் கற்றுத்தரத் தன் அரண்மனைச் சமையற்காரியை அனுப்பியவர் நகரின் பாஷா தாமி எல் க்ளாவி. ஃபெஸில் வாழ்ந்த மேடம் கினோதோ 1950-களில் அந்த நகரத்துச் சமையலைப் பிரெஞ்சில் எழுதினார். 1973-ல் பவ்லா வுல்ஃபர்ட்டின் ஆங்கில நூல் அமெரிக்க வீடுகளுக்குக் கூஸ்கூஸை அறிமுகப்படுத்தியது. நேர்மையான உழைப்பு கொண்ட நூல்கள்தான். ஆனால் அட்டையில் இருப்பது கேட்டு எழுதியவரின் பெயர், சொல்லிக்கொடுத்தவளுடையது அல்ல. 2020-ல் அல்ஜீரியா, மொரீத்தானியா, மொரோக்கோ, துனிசியா நான்கும் சேர்ந்து கேட்டதன் பேரில் கூஸ்கூஸ் செய்யும் அறிவை யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. யாருடைய கூஸ்கூஸ் என்று சண்டையிட்டுவந்த நாடுகள் ஒரே மனுவில் கையெழுத்திட்டது நல்ல செய்தி. உலகத்துக்கே தெரிந்ததுதானே என்று 13-ஆம் நூற்றாண்டில் கடந்துபோனது, ஏறக்குறைய எழுநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து மனுவில் விரிவாக எழுதப்பட்டது.

இனி, வீட்டில் யாராவது இந்த விருந்தை வைக்க விரும்பினால்: செம்மறித் தாஜினுக்கு ரொட்டி வேண்டும், தாராளமாக. முந்தைய நாளே செய்துவைத்த ஸாலூக், சீரகக் கேரட், ஆரஞ்சு வில்லைகள். கறியில் உலர்ந்த பழமும் தேனும் இருந்தால் ஆரஞ்சைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு, எலுமிச்சையும் ஆலிவும் சேர்ந்த கீரையை வைக்கலாம். இனிப்புக்குப் புளிப்பும் உப்பும் ஈடுகொடுக்கும். எலுமிச்சையை ஒரு மாதம் முன்பே உப்பில் போட்டிருக்க வேண்டும். கூஸ்கூஸை அன்றைக்கு விட்டுவிடுங்கள். அதற்குத் தனியாக ஒரு வெள்ளிக்கிழமை வேண்டும், உருட்டுவதற்கு நாலைந்து கைகளும். வீட்டு ஆண்களும் உட்காரலாம், தாம்பாளம் பெரியதுதான்.